மூணுக்கு ஏழு

எங்கள் ஊரில் தலைவாசல் என்றால் மூணுக்கு ஏழு. மூன்றடி அகலம், ஏழடி உயரம். வீடு கட்டுகிறவர் வேறு எதில் தடுமாறினாலும் இதைத் தடுமாறாமல் சொல்வார். பொறியாளர் போட்டுத் தந்த வரைபடத்தைப் பிரித்தால் அதே வாசல் 900 × 2100 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார், கொத்தனாரும் நினைக்கிறார். மூன்றடி என்பது 914.4 மில்லிமீட்டர். ஏழடி 2133.6. அகலத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேல், உயரத்தில் 33-க்கு மேல் வித்தியாசம். கொத்தனார் ஏழடிக்கு இடம் விட்டுச் சுவர் கட்டி, பட்டறையில் 2100-க்கு நிலை செய்தால், நிலைக்கு மேலே ஒரு கதவின் கனத்துக்குச் சந்து நிற்கும். அந்தச் சந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்த வீடுகள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். மழைக்காலத்தில் முதலில் ஈரம் இறங்குவதும் அந்த இடத்தில்தான்.

நான் மரவேலைக்காரன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வடசேரியில் மாமாவின் பட்டறையில் உளி பிடிக்க வந்தவன். கோல், விரல், அடி, இஞ்சு, நூல், மில்லிமீட்டர் எல்லாவற்றிலும் வேலை செய்திருக்கிறேன். இஞ்சை மீட்டராக்க 0.0254-ஆல் பெருக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். பெருக்கலில் ஒரு கஷ்டமும் இல்லை. எந்த இடத்தில் மாற்றுவது, எத்தனை தடவை மாற்றுவது, எங்கே மாற்றாமலே விட்டுவிடுவது என்று தெரிவதற்குத்தான் ஆயுசு போகிறது.

மாமா முதன்முதலில் என் கையில் தந்தது கோல். 24 விரல் கொண்டது ஒரு கோல். இப்போது எல்லோரும் அதை 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய கோல்கள் ஊருக்கு ஊர் சற்று மாறும். திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்து வீடுகள் எல்லாம் இந்தக் கணக்கில் நின்றவை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அந்த மரவேலையின் நேர்த்தி தெரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. அங்கே ஒரு தூணின் இடைவெளியை அடியில் அளந்தால் வாயில் நுழையாத பின்னம் வரும். கோலை வைத்துப் பார்த்தால்தான் கட்டியவர் மனதில் இருந்த எண் தெரியும்.

மாமா வீட்டுக் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறையின் சுற்றளவைக் கோலில் சொல்லி, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, மிச்சம் பார்ப்பார். மிச்சம் ஒற்றைப்படையாக வந்தால் நல்லது. இரட்டைப்படை வந்தால் அளவை மாற்றச் சொல்வார். 27 கோல் சுற்றளவு என்றால் 81, எட்டால் வகுத்தால் மிச்சம் 1. நல்ல கணக்கு. ஒரு வீட்டில் இதே 27 கோலை, படம் போட்டவர் 64 அடி என்று எழுதிவிட்டார். 27 கோல் என்பது 63 அடி 9 இஞ்சு, மேலே கொஞ்சம். மூன்று இஞ்சுக்குள் இருக்கிற வித்தியாசம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மாமாவுக்கு அது இரண்டு விரலுக்கு மேலான பிழை. கணக்கே வேறாகிவிட்டது. மாமா கோபப்படவில்லை. “அடியில எழுதினா கோலு உட்காராது. மீட்டர்ல எழுதச் சொல்லு” என்றார். 19.44 மீட்டர். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு விரல் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கோல் கணக்கு எதுவும் மீட்டரில் சுத்தமாக உட்கார்ந்துவிடும். இஞ்சில் ஒரு கோல் இருபத்தெட்டேகால் இஞ்சு, மேலே ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு. அதை 27 தடவை கூட்டிப் பார்க்கிறவன் பாடு திண்டாட்டம். பழைய ஆசாரிமார் மீட்டருக்கு எதிரி என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாமா போன்றவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது அடிக்கணக்குதான்.

ஆனாலும் பட்டறையில் தினசரி ஓடியது இஞ்சும் நூலும். எட்டு நூல் ஒரு இஞ்சு. “மூணே கால் இஞ்சு, ஒரு நூல் தள்ளி வெட்டு” என்றால் வெட்டுகிறவனுக்குக் கண்ணாலேயே தெரியும். மில்லிமீட்டரில் ஒரு நூல் 3.175. கம்பி கட்டுகிறவர்களும் அப்போது நூலில்தான் பேசினார்கள். மூணு நூல் கம்பி இன்றைக்கு 10 எம்எம், நாலு நூல் 12 எம்எம், அஞ்சு நூல் 16 எம்எம். நாலு நூல் உண்மையில் 12.7, அஞ்சு நூல் 15.9. பெயருக்குப் பெயர் கிட்டத்தட்டத்தான் பொருந்தும். இன்றைக்குக் கம்பி கட்டுகிற இளவட்டங்களிடம் நூல் என்று சொன்னால் விழிப்பார்கள். கடையில் கம்பி எம்எம்மில் வருகிறது, அதனால் பேச்சும் மாறிவிட்டது. சுவர் மாறவில்லை. காரணம், நிலம் மாறவில்லை. எங்கள் மாவட்டத்தில் நிலம் சென்டில் விற்கிறது. ஐந்து சென்ட் என்றால் 2178 சதுர அடி. அந்த 2178-க்குள் எத்தனை சதுர அடி வீடு என்று கேட்டுத்தான் கட்டுகிறவர் வருகிறார். பட்டாவில் அதே இடம் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஐந்து சென்ட் 2.02 ஏர் என்று பதிவானால் மூன்று நாலு சதுர அடி எண்ணில் காணாமல் போகும். நிலம் குறைவதில்லை. ஆனால் எல்லைக்கல் தகராறு வரும்போது இரண்டு தரப்பும் வேறு வேறு தாளை எடுத்து நீட்டுவார்கள்.

என் வயசுக்காரர்கள் எல்லோரும் இப்படி இரண்டு கணக்கோடு வளர்ந்தவர்கள். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956 டிசம்பரில் வந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. 1958 அக்டோபரில் கிலோவும் மீட்டரும் நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. மாவட்டம் மாநிலம் மாறியது, காசு மாறியது, படி நாழி மாறியது, எல்லாம் இரண்டு மூன்று வருஷத்துக்குள். அந்த நாட்களைப் பற்றி மாமா சொல்லும்போது குறையாகச் சொன்னதில்லை. எடைக்கல்லும் காசும் சட்டத்துக்கு உடனே பணிந்தன. பட்டறை பணியவில்லை. பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டர் ஸ்கேலில் கோடு போட்ட கையால் பட்டறையில் இஞ்சு டேப்பைப் பிடித்தோம். ஒரு இஞ்சு என்பது 25.4 மில்லிமீட்டர், அட்சரம் பிசகாமல் என்று இங்கிலாந்தும் அமெரிக்காவும் மற்ற ஆங்கிலம் பேசும் நாடுகளும் ஒத்துக்கொண்டதே 1959 ஜூலை முதல் தேதிதான் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன்னால் நாட்டுக்கு நாடு இஞ்சில் மயிரிழை வித்தியாசம் இருந்திருக்கிறது. மரவேலைக்கு அது பொருட்டில்லை. ஆனால் நாம் கைப்பிடித்த இஞ்சே இன்றைக்கு மீட்டரைச் சார்ந்துதான் நிற்கிறது.

மாற்றும் கணக்கில் காசு எப்படிப் போகும் என்பதை நான் கற்றது சாமில்லில். உருட்டு மரத்துக்குக் கால்சுற்றுக் கணக்கு. நடுவில் சுற்றளவு எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 60 இஞ்சு சுற்று, 10 அடி நீளத் தேக்கு என்றால் கால்சுற்று 15 இஞ்சு, அதாவது ஒன்றேகால் அடி. கணக்கில் 15.625 கன அடி. மரத்தின் உண்மையான கன அளவு இருபதுக்குப் பக்கத்தில் இருக்கும். மீதி தோலுக்கும் அறுப்புக் கழிவுக்கும் என்று விட்ட வழக்கம். வாங்குகிறவன், விற்கிறவன் இரண்டு பேருக்கும் அது தெரியும், அதனால் அதில் ஏமாற்று இல்லை.

ஏமாற்றம் வருவது மாற்றும் இடத்தில். அரசு மரக்கிடங்கு ஏலத்தில் கன மீட்டர். சாமில்லில் கன அடி. ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. அதே மரத்தை மீட்டரில் சரியாகப் போட்டால் 0.4425 கன மீட்டர், திருப்பினால் அதே 15.625. ஆனால் எழுதுகிறவர் சுற்றை 1.524-க்குப் பதில் 1.52 என்று வெட்டி, நீளத்தை 3.048-க்குப் பதில் 3.04 என்று வெட்டினால் 15.5 கன அடிதான் வரும். ஒரு மரத்துக்கு எட்டில் ஒரு கன அடி. ஒரு லாரி மரத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளலாம். சுற்றளவில் விழுகிற பிழை இரண்டு தடவை பெருக்கப்படுவதால் இரட்டிப்பாகும் என்பதை அங்கே கணக்கெழுதிய பெரியவர் ஒருவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். “நீளத்துல கோட்டை விட்டாலும் சுத்துல கோட்டை விடாத, கேட்டியா டே” என்பார். அவர் எல்லா மரத்தையும் ஒரே முறையில் கூட்டி முடித்து, கடைசி மொத்தத்தை மட்டும் ஒரே ஒரு தடவை மாற்றுவார். ஒவ்வொரு மரமாக மாற்றிக் கூட்டவே மாட்டார். இன்றுவரை நான் பிடித்திருக்கிற பழக்கம் அது.

பிறகு எங்கள் மாவட்டத்து ஆண்கள் பலரைப் போல நானும் வளைகுடாவுக்குப் போனேன். அங்கே ஒரு மரவேலைத் தொழிற்கூடம். முதல் நாள் கையில் வந்த வரைபடத்தில் எண்கள் மட்டும் இருந்தன. 2385, 418, 64. என்ன அளவு என்று எங்கும் எழுதவில்லை. மேலாளர் திருச்சூர்க்காரர். கேட்டதற்கு, “இங்கே எல்லாம் எம்எம்தான். சென்டிமீட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு” என்றார். அது எவ்வளவு பெரிய வசதி என்று ஒரு வாரத்தில் புரிந்தது. புள்ளி இல்லை, பின்னம் இல்லை. முக்கால் இஞ்சையும் ஐந்து நூலையும் ஏழே முக்காலையும் கூட்டுகிற நேரத்தில் மில்லிமீட்டர்காரன் கூட்டி முடித்து வாளை வைத்துவிடுவான். சென்டிமீட்டரில் எழுதினால் புள்ளி வரும். புள்ளி வந்தால் ஒருநாள் அது அழிந்துபோகும், 41.8 என்பது 418 ஆகும். முழு எண் மட்டும் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பயமே கிடையாது.

அடிக்காரர்களுக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அடியில் 12 இஞ்சு. அதை இரண்டாக, மூன்றாக, நாலாக, ஆறாகப் பிரிக்கலாம். மீட்டரை மூன்றாகப் பிரித்தால் 333 வந்து நிற்கும். மில்லிமீட்டரில் வரைகிறவர்கள் இதைத் தெரிந்தே 300, 600, 1200 என்று அளவுகளை வைத்துக்கொண்டார்கள். 1200-ஐ இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு எதனாலும் வகுக்கலாம். அடியின் நல்ல குணம் அதிலும் இருக்கிறது. அலமாரிக்கு அறை பிரிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

திரும்பி வந்து வடசேரியில் தனியாகப் பட்டறை போட்டபோது என்னிடம் வந்த பையன்களுக்கு இரண்டு மனக்கணக்கு சொல்லித்தந்தேன். இஞ்சிலிருந்து போவதானால், 25-ஆல் பெருக்கு, பிறகு பத்து இஞ்சுக்கு 4 மில்லிமீட்டர் சேர். 66 இஞ்சுக்கு 1650, அதோடு 26.4. ஆக 1676.4. திரும்பி வருவதானால், 100 மில்லிமீட்டருக்கு நாலு இஞ்சு, அதில் அரை நூல் குறை. 2100 என்றால் 84 இஞ்சில் பத்தரை நூல் குறைய வேண்டும். ஆறடி பத்து இஞ்சு, ஐந்தரை நூல். இந்த இரண்டாவது கணக்கு கிட்டத்தட்ட அச்சாக வரும், ஒரு கதவின் உயரத்துக்கும் பிழை ஒரு மில்லிமீட்டரில் பாதியைத் தொடாது. ‘இஞ்சுக்கு 25’ என்று மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தடிக்கு 48 மில்லிமீட்டர் குறையும், கிட்டத்தட்ட இரண்டு இஞ்சு. சமையலறையில் சுவருக்குச் சுவர் அலமாரி செய்கிறவன் அதைத் தாங்க முடியாது.

பிளைவுட் வந்ததும் வேறொரு பாடம் வந்தது. பலகை எட்டுக்கு நாலு என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், கனம் மட்டும் எம்எம்மில் சொல்கிறோம். ஒரே பொருளுக்கு இரண்டு அளவு. பில்லில் 2440 × 1220 என்று இருக்கும். நாலடி அகலத்தில் 16 இஞ்சுத் தட்டு மூன்று எடுக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. வாள் வைத்துப் பார்த்தால் எடுக்க முடியாது. ஒவ்வொரு அறுப்புக்கும் வாள் மூன்று மில்லிமீட்டர் தின்னும். இரண்டு அறுப்பில் 6 போய்விட்டது. மூன்றாவது தட்டு குறைந்துதான் வரும். 400 மில்லிமீட்டர் என்று வைத்தால் மூன்று தட்டும் வாள் தின்றதும் போக இன்னும் 14 மிச்சம் இருக்கும், பலகை ஓரம் சீவிக்கொள்ள அது உதவும். வீட்டுக்காரர் 16 இஞ்சு என்று சொன்னால் நான் 400 என்று எழுதிக் காட்டி, காரணத்தையும் சொல்லிவிடுவேன். சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சொல்லாமல் செய்தால்தான் டேப்போடு வந்து நிற்பார்கள்.

முக்கால் இஞ்சுப் பலகை என்று கேட்டால் கடையில் 18 எம்எம் தருவார்கள். முக்கால் இஞ்சு 19.05. முக்கால் இஞ்சுக்குக் காடி எடுத்துவிட்டு 18-ஐச் செருகினால் பலகை ஆடும். மேசை இழுப்பறைச் சேனல் 18 இஞ்சு என்று விற்பார்கள், அளந்தால் 450. உண்மையான 18 இஞ்சு 457. பெட்டியின் உள் ஆழத்தை நெருக்கிக் கட்டுகிற இடத்தில் இந்த 7 மில்லிமீட்டர் உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். கடையில் சொல்கிற அளவு பல சமயம் வெறும் பெயர்தான். பைப்புக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அரை இஞ்சு இரும்புப் பைப்பின் வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர். அரை இஞ்சு அதில் எங்கேயும் இல்லை. பெயரை மாற்றிக் கணக்குப் போடக்கூடாது, பொருளை அளந்துதான் போட வேண்டும். பட்டறைக்கு வருகிற எந்தப் பொருளையும், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், டேப் வைக்காமல் நான் வேலைக்கு எடுப்பதில்லை.

செல்போன் வந்த பிறகு அளவு வாட்ஸ்அப்பில் வருகிறது. இது நான் கண்ட மாற்றங்களிலேயே ஆபத்தானது. தாளில் எழுதுகிற காலத்தில் அடிக்கு ஒரு கோடு, இஞ்சுக்கு இரண்டு கோடு போடுவோம். போனில் அதைத் தேடி எடுக்க நேரமில்லை, ஐந்தடி ஆறு இஞ்சுக்கு 5.6 என்று தட்டிவிடுகிறார்கள். கால்குலேட்டருக்கு அது ஐந்தடியும் பத்தில் ஆறு பங்கு அடியும். 1676-க்குப் பதில் 1707 வரும். 30 மில்லிமீட்டர் கூடுதல். இதையாவது சீவிச் சரிசெய்யலாம். ஐந்தடி பத்து இஞ்சுக்கு 5.10 என்று எழுதினால் எந்திரம் அதை 5.1 என்றுதான் படிக்கும். 1778 வர வேண்டிய இடத்தில் 1554. ஒன்பது இஞ்சுக்குப் பக்கம் குறைந்துபோகும். ஒரு வீட்டுக்கு அலுமினிய ஜன்னல்கள் முழுவதும் இப்படி வந்து இறங்கியதை நேரில் பார்த்தேன். அளவு கொடுத்தவர் சொன்னதும் சரி, செய்தவர் படித்ததும் அவர் அளவில் சரி. நடுவில் இருந்த புள்ளிக்கு இரண்டு பேரும் வேறு வேறு பொருள் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் அடுத்த மாதம் பால்காய்ச்ச நாள் குறித்திருந்தார்.

1999-இல் அமெரிக்காவின் செவ்வாய் விண்கலம் ஒன்று இதே போலத்தான் தொலைந்தது. ஒரு தரப்பு பவுண்டு கணக்கில் தந்த எண்ணை மறு தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கலம் கோளை மிகவும் நெருங்கிப் போய் அழிந்தது. பட்டறைப் பையன்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன். அவ்வளவு படித்தவர்கள் கூடிய இடத்திலும், எண்ணின் பக்கத்தில் அளவின் பெயர் இல்லையென்றால் எண்ணுக்கு மதிப்பில்லை.

எங்கள் மாவட்டத்தில் காலையில் செய்தித்தாளைப் பிரித்தாலே இந்த இரட்டைக் கணக்கு வந்துவிடும். மழை மில்லிமீட்டரில், அணை அடியில். பேச்சிப்பாறையின் மொத்தக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. 45 அடி ஏறிவிட்டது என்றால் விவசாயிக்கு மறுகால் எப்போது பாயும் என்று மனதில் கணக்கு ஓடும். அதை 13.7 மீட்டர் என்று போட்டால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38, பொருளும் இன்பமும் சேர்ந்து 95. கணபதி ஸ்தபதி அந்த எண்களைக் கல்லில் ஏற்றி, 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் சிலை திறக்கப்பட்டது. அதை 40.5 மீட்டர் என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. குறளே அதிலிருந்து போய்விடுகிறது. அந்தச் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கண்ணாடிப் பாலமோ 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதை அடியில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எந்த அளவில் நினைத்துச் செய்தார்களோ அந்த அளவிலேயே ஒரு பொருளைப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பழைய வீட்டுக்குப் பழுது பார்க்கப் போனால் முதலில் நான் தேடுவதும் அதைத்தான். இது கோலில் நின்ற வீடா, அடியில் நின்ற வீடா?

சமீபத்தில் பூதப்பாண்டி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றினோம். அயனி மரக் கழுக்கோல்கள் அப்படியே கல் மாதிரி இருந்தன. ஓடு தாங்குகிற ரீப்பர்கள்தான் உளுத்துவிட்டன. ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை இஞ்சு என்பது வாய்ப்பாடு. மில்லிமீட்டரில் 317.5. வேலைக்கு வந்த பையன் 320 என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். ஒரு வரிக்கு இரண்டரை மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வரி ஏறும்போது 30 மில்லிமீட்டர் ஆகும், மோட்டு ஓடு உட்காராது. இரண்டு எண்ணையும் ஒதுக்கிவைக்கச் சொன்னேன். அந்த வீட்டின் பழைய ஓடுகளில் நல்லதாக நாலைந்தை எடுத்து, ஒன்றோடொன்று கோத்துத் தரையில் அடுக்கி, ஒரு நீளக் கம்பை அதன் பக்கத்தில் வைத்து, ஓட்டின் கொம்பு விழுகிற இடங்களை எல்லாம் அந்தக் கம்பிலேயே பென்சிலால் குறிக்கச் சொன்னேன். பிறகு கம்போடு கூரைக்கு ஏறினோம். ஒவ்வொரு குறியையும் கீழ் விளிம்பிலிருந்தே எடுத்தோம், முந்தின ரீப்பரிலிருந்து எடுக்கவில்லை. அடுத்ததிலிருந்து அடுத்தது என்று எடுத்தால் ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் கனமே சேர்ந்துகொண்டு போகும்.

இது மாமா சொல்லித்தந்த முறைதான். “அளவு எடுக்குதவன் ஒருத்தன், அறுக்குதவன் வேற ஒருத்தன்னா கம்பு வெட்டிக் கொண்டு போ டே, வாயில சொல்லாத” என்பார். எண்ணாக மாற்றாமல் அளவையே தூக்கிக்கொண்டு போவது. நிலைக்கு, ஜன்னலுக்கு, படிக்கட்டுக்கு எல்லாவற்றுக்கும் எங்கள் பட்டறைச் சுவரில் இப்படிக் கம்புகள் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயரும் அறையின் பெயரும் இருக்கும்.

இப்போது பையன்களிடம் லேசர் இருக்கிறது. சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்ததும் அளவு வந்துவிடும். அருமையான கருவி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பொத்தானைத் தெரியாமல் அழுத்தினால் மீட்டர் போய் அடி வந்துவிடும், இன்னொரு அழுத்தில் புள்ளி வைத்த அடி வரும். அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் லேசரைப் பட்டறையின் ஒரு குறிப்பிட்ட சுவருக்குக் காட்ட வேண்டும். அந்தச் சுவரின் தூரத்தை இரும்பு டேப்பால் அளந்து பெயிண்டில் எழுதியிருக்கிறேன்: 4268 எம்எம். அந்த எண் வந்தால் கிளம்பலாம். அளவுப் புத்தகத்தில் மில்லிமீட்டர் மட்டும், முழு எண் மட்டும், உயரம் அகலம் எது முதலில் என்பது பக்கத்தின் தலையிலேயே இருக்கும். வீட்டுக்காரர் மூணுக்கு ஏழு என்று சொன்னால் அதை அவர் சொன்னபடியே ஒரு ஓரத்தில் எழுதி, 914 × 2134 என்று அடுத்து எழுதி, “படத்துல 900, 2100-ன்னு இருக்கு, உங்களுக்கு எது வேணும் அண்ணாச்சி?” என்று கேட்டு, அவர் சொல்கிற பதிலுக்குக் கீழே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம். கொத்தனாருக்கும் அந்தப் பக்கத்தை அப்போதே படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம், சுவர் ஏறுவதற்கு முன்னால்.